ஸ்கேனர் வாங்கும் முன் காரின் சாக்கெட்டைப் பாருங்கள்

கோலாலம்பூரின் செந்தூலில் கார் மின்சார வேலை செய்யும் என்னிடம் மாதத்துக்கு ஒருவராவது வந்து, "அண்ணே, லேப்டாப்புல போட்டுப் பார்க்குற ஸ்கேனர் எது நல்லது?" என்று கேட்பதுண்டு. "எந்தக் காடி தம்பி, எந்த வருசம்?" என்று நான் திருப்பிக் கேட்டால், கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் இதற்கு வேறு பதில் கிடையாது. 1990களின் ஜப்பானியக் காரோடு பேசும் கேபிள் 2015ஆம் ஆண்டின் ஜெர்மன் காரோடு பேசாது. ஜெர்மன் காரின் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியையும் திறந்து காட்டும் மென்பொருள், பக்கத்தில் நிற்கும் உள்நாட்டுக் காரில் ஒரு வரிகூடக் காட்டாது. எனவே காரின் கோளாற்றைக் கண்டறியும் இப்படி ஒரு கருவியை முதன்முதலாக வாங்க நினைப்பவர், எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

மடிக்கணினி வழியாகக் காரைச் சோதிப்பதில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. காரில் இருக்கும் இ.சி.யு. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி முதலாவது. மடிக்கணினியில் ஓடும் மென்பொருள் இரண்டாவது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் இணைப்புக் கருவி, அதாவது கேபிள், மூன்றாவது. கடையில் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது மட்டுமே என்பதால், பலரும் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உண்மையில், உங்கள் காரைப் பற்றிய அறிவு முழுவதும் மென்பொருளுக்குள்தான் இருக்கிறது. கேபிள் கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவரும் தூதுவன்.

அந்தக் கேள்வி பதில் எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று மென்பொருள் கேட்கிறது. இ.சி.யு. 11, 184 என்று இரண்டு எண்களைத் திருப்பி அனுப்புகிறது. முதல் எண்ணை 256ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் 3000 வருகிறது. அதை 4ஆல் வகுத்தால் 750. திரையில் முள் 750இல் நிற்பது இப்படித்தான். இந்தப் பெருக்கலும் வகுத்தலும் உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட தரத்தில் உள்ளவை. ஆகவே எந்தப் பொது மென்பொருளுக்கும் இவை தெரியும். ஆனால் கியர்பெட்டி எண்ணெயின் வெப்பம், ஏ.பி.எஸ். பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்தின் வேகம், காற்றுப்பை சுற்றின் மின்தடை போன்றவற்றை எந்த எண்ணால் கேட்க வேண்டும், வரும் பதிலை எதனால் வகுக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தந்தக் கார் நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்கு தெரிந்த மென்பொருளா, தெரியாத மென்பொருளா என்பதே தேர்வின் மையம்.

பொதுத் தரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், புகை மாசைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, 1988ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து இன்ஜின் தன் கோளாற்றைத் தானே கண்டறிய வேண்டும் என்று விதித்தது. அதன் அடுத்த கட்டமான ஓ.பி.டி.-2 தரம் 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001இல் பெட்ரோல் கார்களுக்கும், சில ஆண்டுகள் கழித்து டீசல் கார்களுக்கும் அதற்கு இணையான விதி வந்தது. ஸ்கேனரைச் செருக ஒரே வடிவமுள்ள 16 முனைச் சாக்கெட், ஒரே மாதிரியான கோளாறு எண்கள், ஒரே மாதிரியான அடிப்படைக் கேள்விகள் ஆகியவை இந்தத் தரம் தந்த வசதிகள். எனினும் பேசும் மொழியை மட்டும் அது ஒன்றாக்கவில்லை. ஃபோர்டு ஒன்றும், ஜெனரல் மோட்டார்ஸ் ஒன்றும், ஐரோப்பிய, ஆசிய நிறுவனங்கள் வேறொன்றுமாக நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தன. 2008ஆம் ஆண்டு மாதிரியில்தான் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் எல்லாம் போஷ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய கேன் என்ற தொடர்பு முறைக்கு மாற வேண்டியிருந்தது.

இந்த ஆண்டுகளை மலேசியக் காருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதுதான் தொடக்கநிலையாளர் செய்யும் முதல் பிழை. அவை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரிய சட்டங்கள். 1996க்குப் பிறகு நம் ஊரில் விற்ற பல கார்களில் 16 முனைச் சாக்கெட் இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது அந்த நிறுவனத்தின் சொந்த மொழியாக இருக்கும். ஓ.பி.டி.-2 கருவி கச்சிதமாகப் பொருந்தும், விளக்கு எரியும், "தொடர்பு இல்லை" என்று திரையில் வரும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாக்கெட்டின் வடிவத்தை நம்பக் கூடாது; அதற்குள் இருக்கும் உலோக முனைகளையே பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு ஒரு கைவிளக்குப் போதும். ஓட்டுநர் இருக்கையின் கதவைத் திறந்து, தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையைச் சாய்த்துப் பாருங்கள். சில கார்களில் சாக்கெட்டுக்கு மேல் ஒரு சிறு மூடி இருக்கும். அகலமான வரிசை மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரையும், கீழ் வரிசையில் 9 முதல் 16 வரையும் இடங்கள் உள்ளன. எல்லா இடத்திலும் உலோகம் இருக்காது. 4, 5 ஆகியவை எர்த். 16 பேட்டரியின் 12 வோல்ட். மேல் வரிசையில் 6ஆம் இடத்திலும் கீழ் வரிசையில் 14ஆம் இடத்திலும் உலோகம் தெரிந்தால் அந்தக் கார் பெரும்பாலும் கேன் முறையில் பேசும். அவ்விரண்டும் வெறும் துளைகளாக இருந்து, 7ஆம் இடத்தில் மட்டும் உலோகம் தெரிந்தால் அது கே-லைன் எனப்படும் ஒற்றைக் கம்பிப் பழைய முறை. 2, 10 ஆகிய இடங்களில் இருந்தால் அமெரிக்க நிறுவனங்களின் பழைய முறையாக இருக்கலாம். நம் ஊரில் அது அரிது. ஃபோர்டு, மாஸ்டா வண்டிகள் சிலவற்றில் 3, 11 ஆகிய இடங்களில் இரண்டாவது கேன் கம்பி ஓடுகிறது. கதவு, குளிர்சாதனம் போன்றவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அந்தப் பக்கம் இருக்கும் என்பதால், அதைத் தொட முடியாத கேபிள் பாதிக் காரைத்தான் காட்டும். கைப்பேசியில் அந்தச் சாக்கெட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அதன்பிறகு கடைக்குப் போவது நல்லது. கருவி வாங்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

16 முனைச் சாக்கெட்டே இல்லாத கார்கள் இன்னும் ஓடுகின்றன. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் கார். அதில் கணினியோடு பேச எதுவுமில்லை என்பதால் மடிக்கணினியை எடுத்து வைத்துவிட்டு டைமிங் விளக்கையும் வேக்கம் மீட்டரையும் எடுக்க வேண்டியதுதான். 1990களின் நிஸ்ஸான் கார்களில் 14 முனைகள் கொண்ட சாம்பல்நிறச் சாக்கெட் உண்டு. அக்காலத்து பி.எம்.டபிள்யூ. கார்களில் 20 முனை வட்டச் சாக்கெட்டும், மெர்சிடிஸ் கார்களில் 38 முனை வட்டச் சாக்கெட்டும் பானெட்டுக்குள் இருக்கும். பழைய ஹோண்டா, டொயோட்டா, மிட்சுபிஷி கார்கள் பலவற்றில் சோதனைச் சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்தால், டேஷ்போர்டில் இருக்கும் இன்ஜின் விளக்கே நீண்டும் குறுகியும் சிமிட்டிக் கோளாறு எண்ணைச் சொல்லிவிடும். எந்த இரண்டு முனைகள் என்பதை அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். தவறான முனையில் 12 வோல்ட் பாய்ந்தால் இ.சி.யு. போய்விடும். இந்த வகைக் கார் ஒன்று மட்டும் வைத்திருப்பவர் கருவிக்காகச் செலவு செய்வதைவிட, கையேட்டுக்கும் நல்ல மல்டிமீட்டருக்கும் செலவு செய்யலாம் என்பது என் கருத்து.

சாக்கெட் தெரிந்த பிறகு மென்பொருளுக்கு வருவோம். இங்கே இரண்டு குடும்பங்கள் உள்ளன. முதலாவது பொது ஓ.பி.டி.-2 மென்பொருள்கள். இவை இன்ஜினின் கோளாறு எண்களைப் படிக்கும், அழிக்கும். கோளாறு விழுந்த கணத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டும். சென்சர்களின் அளவுகளை ஓடும்போதே வரைபடமாக வரையும். தரத்துக்கு உட்பட்ட எந்தக் காரிலும் இவை வேலை செய்யும். ஆனால் இன்ஜினையும் அதன் புகையையும் தாண்டிப் பெரிதாக எதையும் காட்டமாட்டா. இரண்டாவது குடும்பம், ஒரு நிறுவனத்தின் கார்களுக்கென்றே எழுதப்பட்டவை. ஃபோல்க்ஸ்வேகன், ஆவ்டி, ஸ்கோடா கார்களுக்கு ராஸ்-டெக் நிறுவனத்தின் வி.சி.டி.எஸ்.; ஃபோர்டு, மாஸ்டா வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன்; பி.எம்.டபிள்யூ. கார்களுக்கு அந்நிறுவனத்தின் இஸ்டா, டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம், ஹோண்டாவுக்கு எச்.டி.எஸ்.; பழைய மிட்சுபிஷிகளுக்கு இவோஸ்கேன் என்று பட்டியல் நீள்கிறது. பின்பக்க பிரேக் மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குத் திறப்பது, புதிய பேட்டரியைப் பதிவு செய்வது, ஸ்டீயரிங் கோணச் சென்சரைப் பூஜ்யத்தில் நிறுத்துவது, ஏ.பி.எஸ். பம்பை இயக்கிக் காற்று எடுப்பது முதலிய வேலைகள் இந்தக் குடும்பத்தால்தான் முடியும். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே நிறுவனத்தின் கார் என்றால், யோசிக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனத்துக்குரிய மென்பொருளை முதலில் முடிவு செய்து, அதை எழுதியவர்கள் எந்தக் கேபிளைப் பரிந்துரைக்கிறார்களோ அதையே வாங்குங்கள்.

புரோட்டோன், பெரோடுவா கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சாலைகளில் அவைதாம் அதிகம். பழைய விரா போன்ற புரோட்டோன்கள் மிட்சுபிஷி இன்ஜினோடு வந்தவை. 2004இல் வந்த ஜென்-2இலிருந்து சொந்த கேம்புரோ இன்ஜின் வந்தது. 2018இல் வந்த எக்ஸ்70, சீனாவின் ஜீலி நிறுவனக் காரை அடிப்படையாகக் கொண்டது. ஆக, ஒரே சின்னம் பொறித்த மூன்று கார்களுக்குள் மூன்று மொழிகள் இருக்கலாம். பெரோடுவா கார்கள் டைஹாட்சுவை ஒட்டியவை. 2005இல் வந்த முதல் மைவி முதலான பழைய மாடல்களுக்கு வீட்டில் ஒருவர் வாங்கக்கூடிய மடிக்கணினி மென்பொருள் மிகக் குறைவு. இத்தகைய கார்கள்தாம் உங்கள் வேலையில் பெரும்பகுதி என்றால், புரோட்டோன், பெரோடுவா பட்டியல்கள் உள்ளடங்கிய கையடக்கப் பலநிறுவன ஸ்கேனர் ஒன்றே உங்களுக்கு ஏற்றது. மடிக்கணினியை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினிக் கருவிகளைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது பொருத்தமில்லை என்று தோன்றினாலும், பணம் உங்களுடையது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி கேபிள். பொது மென்பொருள்களில் பெரும்பாலானவை எல்ம்327 என்ற சிறு சிப்பின் மொழியைப் பேசுகின்றன. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய அந்தச் சிப்பின் முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாததால், நகல்கள் உலகெங்கும் பரவின. அசல் நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. நகல்கள் இன்றும் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. அவற்றில் பல தம்மைப் பதிப்பு 1.5 என்று அறிவித்துக்கொள்ளும். அசல் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை. இன்னும் சில, 2.1 என்று சொல்லிக்கொண்டு, பழைய கே-லைன் முறைகளைக் கைவிட்டுவிடும். புதிய காரில் ஒரு கோளாறு எண்ணைப் படித்து அழிக்க நகலும் போதலாம். ஆனால் நீண்ட கேள்விகளுக்கு நடுவில் பதிலை விழுங்கிவிடும் கருவியை வைத்துக்கொண்டு காற்றுப்பை, பிரேக் போன்ற பெட்டிகளில் கை வைக்கக் கூடாது. அவற்றில் புதிய அமைப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் அந்தப் பெட்டி பாதியில் நின்றுவிடும். ஓ.பி.டி.லிங்க் போன்ற பெயர்பெற்ற யு.எஸ்.பி. கேபிள்கள் சில நூறு ரிங்கிட் ஆகலாம். அந்த வேறுபாட்டுக்கு மதிப்பு உண்டு. மடிக்கணினிக்கு யு.எஸ்.பி. கம்பியே சிறந்தது, புளூடூத்தும் வைஃபையும் கைப்பேசிக்கு வசதி, ஆனால் இருபது நிமிடம் பதிவு செய்யும்போது அவை விட்டுவிட்டுப் போகும்.

திருட்டு மென்பொருளோடு வரும் மலிவுக் கேபிள்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குறுந்தட்டில் வரும் அந்த மென்பொருளை நிறுவ, வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். பிறகு அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள். தவறிப்போய் மென்பொருளைப் புதுப்பித்தால் கேபிள் செத்துவிடும் என்பது வேறு. ஒரு மென்பொருளை உருவாக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுத்து வாங்கினால், சிக்கல் வரும்போது கேட்பதற்கும் ஓர் ஆள் இருப்பார்.

இவ்வளவு சிரமப்பட்டு மடிக்கணினி எதற்கு, கைப்பேசியே கோளாறு எண்ணைக் காட்டிவிடுகிறதே என்று கேட்கலாம். எண்ணைப் படிக்க மட்டும் என்றால் கைப்பேசி போதும். மடிக்கணினியின் பலன், பல அளவுகளை ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து படிக்க முடிவதில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் தம் காரைக் கொண்டுவந்தார். பி0171 என்ற எண் விழுந்திருந்தது. கலவையில் எரிபொருள் குறைவு என்பது அதன் பொருள். வேறொரு பட்டறையில் ஆக்ஸிஜன் சென்சரை மாற்றியிருந்தார்கள். இரண்டே வாரத்தில் விளக்கு மறுபடியும் எரிந்தது. "அண்ணே, புது சென்சரும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். இன்ஜினைச் சூடாக்கி, எரிபொருள் திருத்தத்தையும் (கலவையைச் சரிசெய்ய இ.சி.யு. கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோலின் அளவு) இன்ஜின் வேகத்தையும் ஒன்றாக வரையவிட்டேன். நின்ற நிலையில் 750 சுழற்சியில் இ.சி.யு. 21 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. மிதியை அழுத்தி 2500இல் பிடித்தபோது அந்தக் கோடு மெல்ல இறங்கி 4 சதவீதத்தில் நின்றது. விட்டதும் மறுபடி ஏறியது.

அந்த ஏற்ற இறக்கத்தில்தான் விடை இருந்தது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது உள்ளே இழுக்கும் காற்று குறைவு; அப்போது ஒரு சிறு ஓட்டை வழியாகக் கணக்கில் வராமல் நுழையும் காற்று பெரும் பங்காகிறது. வேகம் கூடும்போது மொத்தக் காற்றும் கூடுவதால் அதே ஓட்டையின் பங்கு சிறுத்துவிடுகிறது. மாறாக, பெட்ரோல் பம்பு பலவீனமாக இருந்தால், வேகமும் சுமையும் கூடக் கூடத்தான் குறை பெரிதாகும். இன்டேக் மேனிஃபோல்டின் பின்பக்கத்தில், கைக்கு எட்டாத இடத்தில், ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது. சுண்டுவிரல் நீளமுள்ள குழாய். அதை மாற்றியதும் கோடு 3 சதவீதத்தில் படுத்துவிட்டது. சென்சர் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு குறிப்பு: உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சர் உள்ள கார்களுக்கே இந்த விதி நேராகப் பொருந்தும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில், கசிந்து வரும் காற்றையும் இ.சி.யு. கணக்கில் சேர்த்துக்கொள்வதால், திருத்தம் அவ்வளவாக மாறாமல் ஐட்லிங் வேகம் மட்டும் ஏறி நிற்கலாம்.

பதிவு செய்யும்போது வேகத்தை மறந்துவிடக் கூடாது. கே-லைன் முறை நொடிக்கு ஏறத்தாழ 10,400 பிட்டுகள்தாம் அனுப்பும். கார்களில் உள்ள கேன் பெரும்பாலும் 5,00,000 பிட்டுகள். பழைய காரில் இருபது அளவுகளை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொன்றும் பல நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். நொடியில் வந்து போகும் கோளாறு அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ளும். மூன்று அல்லது நான்கு அளவுகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் அதே பழைய கார் தெளிவாகப் பேசும். சீரியல் முறையில் பேசும் யு.எஸ்.பி. கேபிள்கள் சிலவற்றில், விண்டோஸின் சாதன அமைப்புக்குள் போய்க் காத்திருப்பு நேரத்தை 1 மில்லிநொடிக்குக் குறைக்க வேண்டியிருக்கும், பழைய பி.எம்.டபிள்யூ. கேபிள்களில் இதைச் செய்யாமல் தொடர்பே கிடைக்காமல் தவித்தவர்கள் பலர்.

மடிக்கணினியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கார் நிறுவன மென்பொருள்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. ஆகவே விண்டோஸ் வேண்டும். விலையுயர்ந்த கணினி வேண்டாம். லோ யாட் பிளாசாவிலோ வேறிடத்திலோ கிடைக்கும் பழைய அலுவலகக் கணினி ஒன்று, எஸ்.எஸ்.டி. மாற்றப்பட்டு, பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கி, வெயிலில் திரை தெரிந்தால் போதும். அதை இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மதிய வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இ.சி.யு.வில் புதிய நிரலை எழுதும் ஆசை உள்ளவர்களுக்கு ஜே2534 என்ற பெயர் பயன்படும். எந்த நிறுவனத்தின் மென்பொருளும் எந்த நிறுவனத்தின் இணைப்புக் கருவியோடும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தரம் அது. இந்தத் தரத்துக்கு ஏற்ற ஒரே கருவியைக் கொண்டு, பல நிறுவனங்களின் அசல் மென்பொருளைச் சந்தா கட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் எழுதும் வேலை படிக்கும் வேலையைப் போன்றதன்று. பாதியில் பேட்டரி இறங்கினால் இ.சி.யு. வெறும் பெட்டியாகிவிடும், அதனால் மின்னழுத்தத்தை நிலையாகத் தாங்கும் சப்ளை ஒன்றைப் பேட்டரியில் மாட்டாமல் தொடங்கவே கூடாது. சாதாரணச் சார்ஜர் அதற்குப் போதாது. அதன் மின்னழுத்தம் ஏறி இறங்கும். முதல் ஓராண்டு படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வேன்.

புதிய கார்களில் வேறொரு கதவு வந்துவிட்டது. சாக்கெட்டுக்கும் உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பு வாயில் நிற்கிறது. ஃபியட் கிரைஸ்லர் குழுமம் 2018 அளவில் இதைக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. பதிவு செய்யப்படாத கருவிக்குக் கோளாற்றைப் படிக்க அனுமதி கிடைக்கலாம். அழிக்கவோ ஒரு பாகத்தை இயக்கிப் பார்க்கவோ அனுமதி கிடைக்காது. பி.எம்.டபிள்யூ.வின் எஃப் வரிசை முதலான கார்களில் ஈத்தர்நெட் கம்பி வழியாகவும் பேச முடியும் என்பதால், அவற்றுக்கு ஒரு முனையில் 16 முனைப் பிளக்கும் மறுமுனையில் இணையக் கம்பியின் பிளக்கும் கொண்ட எளிய கேபிள் போதும். மின்சாரக் கார்களில் புகையே இல்லை. எனவே புகைக்காக வகுத்த பொதுக் கேள்விகளுக்கு அவை சொல்லும் பதில் சொற்பம். பேட்டரியின் நிலையை அறிய அந்தந்த நிறுவனத்துக்குரிய மென்பொருள் வேண்டும். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் ஓடுகிறது. திரையில் என்ன தெரிந்தாலும் பயிற்சி இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கருவி செய்யும் உதவி பெரிது. அதற்குப் பொது மென்பொருளே போதும். கோளாறு எண் எதுவும் இல்லை என்று திரை சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். தயார்நிலைச் சோதனைகள் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். எண்களை அழித்த உடனே இ.சி.யு. தன் சுயசோதனைகளை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவை முடிய நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட வேண்டும். அந்தப் பக்கத்தில் பல சோதனைகள் "முடியவில்லை" என்று இருந்தால், அண்மையில் யாரோ எண்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கேன் கார்கள் பலவற்றில், எண்களை அழித்த பின் ஓடிய கிலோமீட்டரும் தெரியும். ஒருமுறை செகாம்புட்டில் நண்பருக்காகக் கார் பார்க்கப் போனபோது அந்த இடத்தில் 6 கிலோமீட்டர் என்று இருந்தது. விற்பவரிடம் காரணம் கேட்டோம்; தெளிவான பதில் வரவில்லை. நண்பர் அந்தக் காரை வாங்கவில்லை.

கருவி கைக்கு வந்ததும் கோளாறுள்ள காரைத் தேடிப் போகாதீர்கள்; நன்றாக ஓடும் உங்கள் சொந்தக் காரில் தொடங்குங்கள். இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் இன்ஜினைக் கிளப்பும் முன் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் குளிர்நீரின் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். கோலாலம்பூரின் காலையில் இரண்டும் 25 முதல் 30 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும். குளிர்நீர் மைனஸ் 40 என்று காட்டினால் அந்தச் சென்சரின் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பிளக் கழன்றிருக்கிறது. பிறகு இன்ஜினைக் கிளப்பி, விசிறி ஒருமுறை ஓடி நிற்கும் வரை பதிவு செய்யுங்கள்; ஐட்லிங் வேகம், எரிபொருள் திருத்தம், பேட்டரியின் வோல்ட், குளிர்நீரின் வெப்பம் ஆகிய நான்கு மட்டும் போதும். அந்தக் கோப்பைக் காரின் பதிவு எண்ணையும் தேதியையும் பெயராக வைத்துச் சேமியுங்கள். ஓராண்டு கழித்து விளக்கு எரியும் நாளில், கார் நலமாக இருந்தபோது பதிந்த அந்தக் கோடுகளின் பக்கத்தில் புதிய கோடுகளை வைத்துப் பார்த்தால், எந்தக் கோடு இடம் மாறியிருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.